நான்கு பச்சைப் புள்ளிகள்

பனிமழை பெய்து மூன்றாம் நாள்.
சில்வர்டனில் இன்னும் மின்சாரம் வரவில்லை.
ஓக் மரம் முற்றத்தில் கிடக்கிறது,
மேசை விரிப்பை யாரோ இழுத்ததில்
மொத்தமாய்க் கவிழ்ந்த கண்ணாடிப் பாத்திரங்கள் போல.

ஸ்வெட்டருக்கும் நெஞ்சுக்கும் நடுவே
இரண்டு மஞ்சள் பேட்டரிகள்.
குளிரில் வைத்தால் பாதி உயிர் போய்விடும்,
காலையிலிருந்து அடைகாக்கிறேன்.
பொத்தானை அமுக்கினால் நான்கு பச்சைப் புள்ளிகள்.
ஒற்றைப் புள்ளிக்கு வந்துவிட்டால்
கையிலுள்ள கிளையோடு நிறுத்து,
புதிதாய் எதையும் தொடாதே.

ஷெட்டில் பெட்ரோல் ரம்பம் ஒன்று உண்டு,
டுவெய்ன் விட்டுப்போனது.
கயிற்றை இருபது முறை இழுத்தால்
இருபத்தொன்றாம் முறை இருமும்.
டுவெய்னும் அப்படித்தான்.
இது விரல் அழுத்தினால் பேசும்,
எடுத்தால் வாயை மூடும்.
மூடியிருக்கும் நேரத்தில் எல்லாம் கேட்கிறது:
பனி சொட்டுவது,
மேல்கிளை உள்ளுக்குள் நெறிவது,
வேலிக்கு அந்தப்புறம் அன்ஃபிம் ரெவுத்தோவ்
இதே வேலையைச் செய்வது.

அன்ஃபிமும் நானும் பேசி ஆறு வருடம்.
காரணம் ஒரு மேப்பிள் கிளை.
என் பக்கம் சாய்ந்தது, அவன் பக்கம் வேர்.
அவ்வளவுதான் கதை.

முதலில் கம்பு ரம்பம்.
மூன்று மீட்டர் நீட்டியபின்
நுனியில் இருப்பது என் கை மாதிரியே இல்லை,
யாரோ தூக்கக் கலக்கத்தில் அசைக்கும் கை.
அண்ணாந்து அண்ணாந்து கழுத்து மரத்துப்போக
உதட்டில் மரத்தூள். ஓக் கசக்கிறது.
அடியில் ஒரு சின்ன வெட்டு, பிறகுதான் மேலிருந்து.
மறந்தால் விழுகிற கிளை
பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்,
கோபத்தில் கடிதம் கிழிப்பதுபோல்.
ஒருமுறை மறந்தேன்.

பிறகு அடிமரம்.
இரவுப் பணியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்,
எடை எங்கே இறங்குகிறது என்று
எலும்புகளில் பார்த்துப் பழகியவள்.
இருந்தும் தப்பாகப் படித்தேன்.
முக்கால் வெட்டில் மரம் சப்பென்று உட்கார்ந்து
ரம்பத்தைக் கவ்விக்கொண்டது.
சிவப்பு விளக்கு. பிறகு அதுவும் இல்லை.
இரண்டாவது பேட்டரிக்கு ஒரு முனகல் முனகிற்று.

நான் திட்டினேன், வாய்விட்டு,
மருத்துவமனையில் சொல்ல முடியாத சொற்களில்.
பெட்ரோல் ரம்பமாக இருந்திருந்தால்
பக்கத்து வீட்டில் ஓடும் இன்னொன்று
அதை விழுங்கியிருக்கும்.
அவன் கையில் இருந்ததும் மஞ்சள்தான்.
சரியாக அந்த நொடி அவன் விரலை எடுத்திருந்தான்.

வேலியே விழுந்துகிடந்ததால் சுற்றிவர வேண்டியிருக்கவில்லை.
தாடியில் பனி,
ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குக் கீழே
நெய்த இடுப்புக்கச்சின் குஞ்சம்.
மரத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.
“கீழிருந்து வெட்டியிருக்கணும்.”
“தெரியும்.”
“தெரிஞ்சா சரி.”

ஆப்பை அடித்து இறுக்கி,
ஒரு சாண் தள்ளிக் கீழிருந்து வெட்டினான்.
மரம் பெருமூச்சு விட்டதுபோல் எழும்பியது,
என் ரம்பம் என் காலடியில் விழுந்தது,
கடித்ததை நாய் துப்பியதுபோல்.

இருட்டும்வரை வேலை செய்தோம்.
அவன் மருமகள் உஸ்தீனியாவின் மின்சார வண்டியிலிருந்து
சார்ஜருக்கு ஒயர் இழுத்தோம்.
சூடான பேட்டரி கைமாறும்போது மட்டும்
ஒரு சொல்: “நாலு.” “மூணு.” “இது போதும்.”

அந்த மேப்பிள் கிளையைப் பனியே முறித்துப்போட்டிருந்தது,
பாதி அவன் பக்கம், பாதி என் பக்கம்.
அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.
அதை மட்டும் இரண்டு பேரும் வெட்டவில்லை.

இப்போது ஏப்ரல்.
அலமாரியில் ரம்பம் எண்ணெய் கசிந்து
செய்தித்தாளில் ஒரு தீவு வரைந்திருக்கிறது.
என் பேட்டரிகளில் நகச்சாயத்தால் புள்ளி வைத்திருந்தேன்.
ஒன்றில் புள்ளி இல்லை,
கறுப்பு மையில் எனக்குப் படிக்கத் தெரியாத ஓர் எழுத்து.
என்னுடையது அவனிடம் இருக்கவேண்டும்.
அவன் கேட்கவில்லை. நானும்.

வாரம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறேன்.
நான்கு.